நைனா மூடவைத்த மெயில் குழு

எங்கள் கடை செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊரில் நடக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் நான்தான் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கடையில் இருப்பவை ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை ஃபேன், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலி நைனாவுடையது.

நைனா என் அப்பா. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்துவிட்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஒரே மாதத்தில் அம்மாவுக்கு டென்ஷன் ஏறிவிட்டது. குழம்பு தாளிக்கும்போது பக்கத்தில் நின்று, "உள்ள போ, உள்ள போ, இடம் இருக்குது" என்கிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மாவே அவரை என் கடைக்கு அனுப்பிவைத்தார். நான் மதியம் சாப்பிடப் போகும்போது கடையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று முடிவானது.

காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருளுக்கு எனக்கு வழியில்லை. பல நாட்டுக்காரர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் பத்திரிகை வடிவமைக்கிறேன். நல்ல மென்பொருள்தான். ஆனால் தமிழ்க் கொம்புக்கும் அதற்கும் ஆகாது. எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு அகலமாகப் போட்டால் போதும், கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

சிங்கவரத்திலிருந்து ஒருவர் தன் மகளின் காதணி விழாவுக்கு அழைப்பிதழ் கொடுத்திருந்தார். கடைசி வரி, எல்லாரும் போடுவதுதான்: வருகை தந்து சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கேட்டுக்கொள்கிறோம் என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று கொம்பு. மூன்றும் மூன்று பக்கம் போயிருந்தன. அவர் மாதிரிப் பிரதியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாமா இது? கொம்பெல்லாம் அங்கங்க மேயுது?"

அன்றைக்கு ஒவ்வொரு கொம்பையும் தனித்தனியாக மவுஸால் பிடித்து இழுத்து வந்து அதனதன் எழுத்துப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆனால் வாழ்நாள் முழுக்க இப்படிக் கொம்பு மேய்க்க முடியாதே. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவ ஒரு மெயில் குழு இருப்பதாக அதிலேயே போட்டிருந்தது. கடையின் மெயில் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தேன்.

குழுவின் முகவரிக்கு யார் எழுதினாலும் அதில் சேர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரு பிரதி போகும். யார் பதில் எழுதினாலும் அதுவும் அத்தனை பேருக்கும் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. நான் அகராதியைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐயா, என் எழுத்தின் ஹார்ன் ஓடிப்போகிறது, உதவுங்கள்" என்று எழுதிப் போட்டேன். கொம்புக்கு அகராதி அப்படித்தான் சொன்னது.

மதியத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. முதலில் எழுதியவர், அந்தக் குழுவைத் தன் சொந்த சர்வரில் வைத்து நடத்திவந்த ஜெர்மானியப் பெரியவர். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருந்தார். கனடாவிலிருந்து ஒருவர், இந்த மென்பொருளில் சத்தம் வரும் வசதியே கிடையாதே என்று வியந்திருந்தார். மூன்றாமவர் நான் மாட்டுப் பண்ணைக்கு விளம்பரம் செய்கிறேனா என்று விசாரித்திருந்தார். நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த நைனா, "ஹார்ன் அடிக்கலன்னா மொதல்ல பேட்டரியப் பாக்கணும்" என்றார்.

சரி, படத்தையே காட்டிவிடலாம் என்று திரையைப் படமெடுத்து அனுப்பினேன். இணைப்பு பெரிதாக இருக்கிறது, நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று திருப்பி ஒரு மெயில் வந்தது. பல நாள் காத்திருந்தது. என் கேள்வி அப்படியே கீழே போய்விட்டது. அதன் மேல் உலகத்தில் உள்ள எல்லாருடைய கேள்விகளும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. பத்திரிகைக்கு மேட்டர் அனுப்பும் வாடிக்கையாளர்களின் மெயிலை அந்தக் குவியலுக்குள் தேட வேண்டியதாயிற்று.

நான் அந்த மெயில்களைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். நைனா விடவில்லை.

அது எனக்குத் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவர் போனில் தமிழில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். போன் அதை ஆங்கிலமாக மாற்றிக் காட்டியது. அதைப் பார்த்து ஒரே விரலால் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா பண்ற?"

"பதில் போடறேன். பாவம், கேட்டுக்கினே இருக்கானுங்க. நீ ஒருத்தனுக்கும் பதில் போட மாட்டேன்ற."

"அது நமக்கு வந்ததில்ல நைனா. பொதுவா எல்லாருக்கும் வந்தது."

"எல்லாருக்கும் வணக்கம்னுதான் போட்டிருக்கான். நம்ம எல்லார்ல இல்லையா? நம்ம பொட்டிக்குதானே வந்திருக்குது? வீட்டுக்கு வந்த லெட்டருக்குப் பதில் போடலன்னா இன்னா நெனப்பான்?"

அனுப்பியவை பகுதியைத் திறந்து பார்த்தேன். தலை சுற்றியது. பிரேசிலில் ஒரு பையன், ஃபைல் திறக்கவில்லை, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும், அழுகை வருகிறது என்று எழுதியிருந்தான். நைனா பதில் போட்டிருந்தார்: "தம்பி, அழாதே. முதலில் ஏதாவது சாப்பிடு. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போடு. கரண்ட் வந்துபோனால் எங்கள் கடையிலும் இப்படித்தான் ஆகும்." அதற்கு அந்தப் பையனும் மறுநாள் பதில் எழுதியிருந்தான்: "ஐயா, சாப்பிட்டேன். அணைத்துப் போட்டேன். ஃபைல் திறக்கவில்லை. ஆனாலும் நன்றி."

"பாத்தியா, நன்றி சொல்லியிருக்கான்" என்றார் நைனா.

ஒரே ஒருவர்தான் அவரைக் கண்டித்தார். மெயில் குழுக்களில் ஒரு மரபு உண்டாம். முன்பு எழுதியதைக் கீழே வைத்துவிட்டுப் பதிலை மேலே எழுதக்கூடாது; பழையது மேலே, பதில் கீழே. நைனா எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருந்தார். "தயவுசெய்து கீழே எழுதுங்கள்" என்று அந்த ஆள் மூன்று வரியில் கடிந்திருந்தார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மேல எழுதனா இன்னா, கீழ எழுதனா இன்னா? முன்னாடி வழியில ஏறனாலும் பின்னாடி வழியில ஏறனாலும் பஸ்ஸு திண்டிவனம்தானே போவுது?"

இதையே ஆங்கிலமாக்கி அனுப்பியும்விட்டார். திண்டிவனம் என்பது என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கும் பதில் போனது, வழியில் உள்ள நிறுத்தங்களோடு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழுவுக்குள் சண்டை வந்தது. போலந்திலிருந்து ஓர் இளைஞர், இந்த மெயில் குழுவை மூடிவிட்டு இணையதளத்தில் ஒரு ஃபோரம் திறப்போம் என்றார். ஃபோரத்தில் ஒவ்வொரு கேள்வியும் தனித்தனிப் பக்கமாக இருக்கும், படம் போடலாம், பழைய பதிலைத் தேடி எடுக்கலாம், ஒரே கேள்வியை ஊரே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. படம் போடலாம் என்றதுமே நானும் மனதுக்குள் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். பழைய ஆட்கள் கொதித்தார்கள். மெயில் என்றால் நம்மைத் தேடி வரும், ஃபோரத்தை நாம் தேடிப் போக வேண்டும், ஒரு கடவுச்சொல்லை வேறு நினைவில் வைக்க வேண்டும், நெட் இல்லாத நேரத்தில் படிக்க முடியாது என்றார்கள்.

நைனா பழைய கட்சி. நான் தடுப்பதற்குள் போனில் பேசி அனுப்பிவிட்டார். "கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தபால் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்பது மரியாதையாக இருக்காது." ஜெர்மானியப் பெரியவர் அதைப் பாராட்டி எழுதினார். போலந்து இளைஞர், இந்தியாவில் உள்ள ஐயா யார், அவர் இந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறாரா என்று கேட்டார்.

அந்த மாதம் அமாவாசைக்குக் குடும்பத்தோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். போன முறை நாங்கள் ஊரில் இல்லாதபோது, மேல்சித்தாமூர் வாடிக்கையாளர் ஒருவர் மெயில் அனுப்பிவிட்டுப் பதில் வராததால் கடையையே மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். நைனாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் கடை மெயில், விழுப்புரத்தில் ஒருவர் குறைந்த விலைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது. அதில் யார் மெயில் அனுப்பினாலும் தானாகவே பதில் போகும்படி வைக்க ஒரு வசதி இருப்பதை நைனாவே கண்டுபிடித்தார். கிளம்பும் அவசரத்தில் எனக்குக் காட்டினார். நானும் எட்ட நின்று பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தேன்.

அவர் எழுதிவைத்தது இதுதான்: "வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. நாங்கள் குடும்பத்துடன் மேல்மலையனூர் அமாவாசைக்குச் செல்கிறோம். கடை நாளை மதியம் திறக்கப்படும். தங்கள் வீட்டில் அனைவரும் நலமா?" கீழே இதன் ஆங்கிலம்.

மறுநாள் அமாவாசைக் கூட்டத்தில் பஸ் பிடித்து, நசுங்கி, செஞ்சிக்கு வந்து சேர்ந்தோம். நைனா வழியெல்லாம் கண்டக்டரிடம் பேசிக்கொண்டே வந்தார். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் கடையைத் திறந்தோம். கம்ப்யூட்டரைப் போட்டேன். மெயில் பெட்டி திறக்கவே மாட்டேன் என்றது. திறந்தபோது பக்கம் பக்கமாக, எங்கள் கடைப் பெயரிலேயே எங்களுக்கு மெயில்கள் வந்து நின்றன. எல்லாவற்றிலும் ஒரே சேதி. வணக்கம், மிக்க மகிழ்ச்சி, மேல்மலையனூர், வீட்டில் அனைவரும் நலமா.

நடந்தது மெதுவாகத்தான் புரிந்தது. குழுவிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. எங்கள் பெட்டி தானாகவே குழுவுக்குப் பதில் போட்டிருக்கிறது. குழு அதை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறது, எல்லாரில் நாங்களும் உண்டு. ஆக எங்கள் பதில் எங்களுக்கே வந்திருக்கிறது. எங்கள் பெட்டி அதற்கும் மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறது. இந்த மாதிரி சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்க இப்போதைய குழுக்களில் ஏற்பாடு உண்டாம். ஜெர்மானியப் பெரியவருடைய சர்வர் பழையது.

நடுநடுவே மனிதர்களும் இருந்தார்கள். நெதர்லாந்திலிருந்து ஓர் அம்மாள் முதலிலேயே, "நாங்கள் நலம், என் கணவருக்குத்தான் முழங்கால் வலி, கேட்டதற்கு நன்றி" என்று எழுதியிருந்தார். உடனே அவருக்கு வணக்கம், மிக்க மகிழ்ச்சி. அவர் மறுபடி, "மகிழ்ச்சி என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டிருந்தார். வணக்கம், மிக்க மகிழ்ச்சி. கனடாக்காரர், "நிறுத்துங்கள்" என்று எழுதியிருந்தார். தங்கள் கடிதம் கிடைத்தது. ஒருவர் பெரிய எழுத்தில், "என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். அவர் வீட்டில் அனைவரும் நலமா என்று எங்கள் பெட்டி கேட்டிருந்தது. பிரேசில் பையன் மட்டும், "ஐயா, அமாவாசை என்றால் என்ன?" என்று எழுதியிருந்தான்.

நைனா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு நாளு கட மூடனதுக்கு இத்தினி பேர் தேடியிருக்காங்களா?"

"தேடல நைனா. நீதான் அவங்கள வுடாம தொரத்தியிருக்க."

"நானு மலையனூர்ல இல்ல இருந்தேன்?"

விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே முகம் வாடிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. உலகத்தில் எத்தனை ஊர்க்காரர்கள் அன்றைக்கு எங்கள் குடும்பத்தைத் திட்டியிருப்பார்கள் என்று நினைத்தபோது காது சூடானது. முதல் வேலையாக அந்த வசதியை அணைத்தேன். மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். அனுப்பினால் போகவில்லை. சர்வரே இல்லை என்றது.

சாயங்காலம் ஜெர்மானியப் பெரியவரிடமிருந்து, அவருடைய வேறொரு முகவரியிலிருந்து மெயில் வந்தது. பேத்தியின் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் விடாமல் கூவியதாம். போய் சர்வரின் வயரையே பிடுங்கிவிட்டாராம். "எங்கள் வீட்டில் அனைவரும் நலம். அமாவாசை எப்படி நடந்தது?" என்று முடித்திருந்தார். அதை நைனாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நல்ல மனுசன்மா. வேற ஒருத்தனா இருந்தா நடுரோட்டுல எறக்கி வுட்டிருப்பான்."

சர்வர் மறுபடி வந்ததும் வாக்கெடுப்பு நடந்தது. அதுவரை இழுபறியாக இருந்தது, இப்போது ஒரேயடியாக ஃபோரம் ஜெயித்தது. காரணத்தை யாரும் எழுதவில்லை. போலந்து இளைஞர் மட்டும், "சமீபத்திய நிகழ்வுகளுக்குப் பிறகு" என்று ஆரம்பித்திருந்தார். நைனா அப்போதும் மெயில் குழுவுக்குத்தான் வாக்களித்தார்.

ஃபோரத்தில் நான் சேர்ந்துவிட்டேன். நைனா முதலில் வர மாட்டேன் என்றார். ஆனால் காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் மெயில் பெட்டியில் ஒன்றும் இல்லை. மேட்டர் மெயில்கள் மட்டும் ஒன்றிரண்டு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவரே, "சரி, அந்த எடத்த காட்டு" என்றார்.

கணக்குத் தொடங்கும்போது, நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள் என்று சொல்லி ஒன்பது கட்டங்களில் படங்கள் வந்தன. பஸ் உள்ள கட்டங்களைத் தொட வேண்டும். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"இது வேனு. இது ஸ்கூல் வண்டி, அதுக்குப் பெர்மிட்டே வேற. இது பஸ்ஸுதான், ஆனா டயரு இல்ல, ஓடாது. இது ஆம்னி, நடுவுல ஏறவே வுட மாட்டான், அத பஸ்ஸுல சேக்கக்கூடாது."

"நைனா, பஸ் மாதிரி இருந்தா தொட்டுடு."

"மாதிரி இருந்தா எப்டிமா? பொய் சொல்லச் சொல்றியா?"

ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டார். தவறு என்றது. அடுத்த ஒன்பது படம் வந்தது. அதிலும் அவர் சரியான பஸ்ஸை மட்டும் தொட்டார். அதுவும் தவறு. பஸ்ஸிலேயே வாழ்ந்த மனிதரை அந்த இணையதளம் இயந்திரம் என்றே முடிவு கட்டிவிட்டது. கடைசியில் அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, வேன், ஸ்கூல் வண்டி எல்லாவற்றையும் நானே தொட்டு உள்ளே விட்டேன்.

முதல் பதிவாக அவர், "எல்லாருக்கும் வணக்கம், சாப்பிட்டீர்களா?" என்று போட்டார். பிழைகளை அறிவிக்கும் பகுதியில் போட்டுவிட்டார். அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் போலந்து இளைஞர். அதைப் பொது அரட்டைக்கு மாற்றினார். அங்கே ஏற்கெனவே ஒரு வணக்கப் பக்கம் இருந்ததால் இதை மூடிவிட்டார்.

"வணக்கம் சொன்னா, ஏற்கெனவே சொல்லியாச்சுன்றான்மா!" என்று நைனா ஜூஸ் கடைக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கோ ஃபோரம் நன்றாகவே அமைந்தது. ஓடிப்போன கொம்பைப் படமெடுத்துப் போட்டேன். எல்லாருக்கும் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இதே தொல்லை வங்காள எழுத்திலும் உண்டு என்று டாக்காவிலிருந்து ஒரு பெண் எழுதி, மென்பொருளுக்குள் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். மாற்றினேன். கேட்டுக்கொள்கிறோம் என்று திரை முழுக்கப் பெரிதாக அடித்து, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கொம்புகள் அசையவில்லை. எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நைனாவும் விட்டுவிடவில்லை. கடை திறந்ததிலிருந்து மூடும் வரை ஃபோரத்தைத் திறந்தே வைத்திருப்பார். ஒரு பக்கம் விடாமல் போனில் மொழிபெயர்த்துப் படிப்பார். அந்த ஃபோரம் யார் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று கணக்கு வைத்து, அதற்கேற்பப் பதவி கொடுக்குமாம். ஆடி மாதத்தில், வேலையில்லாமல் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவருக்கு மூத்த உறுப்பினர் பதவி வந்தது. மற்றவர்கள் போடும் கேள்விகளின் தலைப்பை மாற்றலாம், சரியில்லாததைத் தற்காலிகமாக மூடலாம் என்று அதிகாரமும் வந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "உதவி!!!" என்று மட்டும் தலைப்பு வைப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "ஊரு பேரு சொல்லாம ஏறனா எப்டி டிக்கெட் குடுக்கறது?" என்பார். ஒவ்வொன்றையும் திறந்து படித்து, "படம் சேர்த்தால் மூடிக்கொள்கிறது", "அச்சில் நீலம் பச்சையாக வருகிறது" என்று தலைப்பை மாற்றி வைப்பார்; போகப்போக, எழுதியவரே திருத்தட்டும் என்று மூடிவைக்கவும் ஆரம்பித்தார். போலந்து இளைஞரே ஒரு நாள் அவருக்கு நன்றி சொல்லிப் பொதுவில் எழுதினார். நைனா அதை நான்கு முறை மொழிபெயர்த்துப் பார்த்தார், போன் ஏதாவது மாற்றிச் சொல்லப்போகிறதோ என்று.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை அவசரம். தங்க நிறம் அச்சில் சேறு மாதிரி வந்தது. கம்ப்யூட்டரில் நைனா உட்கார்ந்திருந்ததால், என் போனிலிருந்தே ஃபோரத்தில் அவசரமாகக் கேள்வி போட்டேன். தலைப்பு, "ப்ளீஸ் ஹெல்ப்". டீக்கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் என் கேள்வி மூடப்பட்டிருந்தது. கீழே, "தலைப்பில் விவரம் இல்லை. திருத்தினால் திறக்கப்படும்" என்று இருந்தது. மூடியவர் பெயரைப் பார்த்தேன். என்னிடமிருந்து இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, என் கேள்விய எதுக்கு மூடன?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது நீயா?"

"நானுதான். தெறந்து வுடு. பார்ட்டி வந்துனு இருக்காங்க."

"தலைப்ப மாத்து."

"நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, தங்கக் கலர் சரியா வரல, போதுமா?"

"இங்க சொன்னா? அங்க எழுதுமா. நாளைக்கு வேற எவளுக்காவது இதே கஷ்டம் வந்தா தேடிப் பாக்க வேணாமா?"

மிக்சர் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு கையால் எடுத்துத் தின்றுகொண்டே மறு கையால் தலைப்பைத் திருத்தினேன். அவர் அதைப் போனில் மொழிபெயர்த்து, இரண்டு முறை படித்து, தலையை ஆட்டிவிட்டுத் திறந்துவிட்டார்.